ஊசி போட வந்த கலுவா

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. நமுனுகுல மலையின் பசறைப் பக்கச் சரிவில் இருக்கிறது எங்கள் தோட்டம். நான் அங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கு அடுத்து வீட்டில் ஒரு ஆள் உண்டு என்றால் அது பிரவுனிதான். மலையகத்தில் பாதி நாய்களுக்கு இந்தப் பெயர்தான் இருக்கும். எங்களுடையதும் பழுப்பு நிறம், பிள்ளைகள் வேறு என்ன பெயரைத் தேடுவார்கள்?

பிரவுனி சின்ன உடம்புக்காரி. காலையில் நான் மலைக்குப் போகும்போது பாதித் தூரம் கூட வருவாள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மேல் வரக் கூடாது என்று அவளுக்கே தெரியும். அங்கே உட்கார்ந்து நான் மறையும்வரை பார்த்துவிட்டு, நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பெரிய வீரம் எதையும் அவளிடம் நான் கண்டதில்லை. இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிற நாய்.

அன்று பிள்ளைகள் இருவரும் கோயிலில் நடக்கும் அறநெறி வகுப்புக்குப் போயிருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. கொஞ்சம் போஞ்சியும் முட்டைக்கோவாவும் போட்டிருந்தேன். பகல் சோற்றுக்குப் போஞ்சி ஆயலாம் என்று போனேன். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மானாப்புல். அந்த வருடம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம்தான், ஆனால் விடிந்து வெயில் ஏறிய பிறகு பன்றி வரும் என்று யார் நினைப்பார்கள்?

நான் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் பிரவுனி உறுமினாள். அவள் அப்படி உறுமி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் புல் விலகியது. கறுப்பாக ஒன்று நேராக என்னைப் பார்த்து ஓடி வந்தது. பின்பக்கமாகச் சரிந்து கோவாப் பாத்திக்குள் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன், பிரவுனி அந்தப் பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு தொங்குகிறாள். பன்றி தலையை ஒரு தடவை உதறியது. அவள் தூரப் போய் விழுந்தாள். பன்றி என் பக்கம் வரவில்லை. வந்த வழியே புல்லுக்குள் போய்விட்டது.

பிரவுனி எழுந்து நின்றாள். வாலைக்கூட ஆட்டினாள். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நான் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான் அவளுடைய பின்னங்காலுக்குக் கீழே மண் சிவந்து ஊறுவதைப் பார்த்தேன். தொடையின் உள்பக்கம் கத்தியால் கீறியது போலத் திறந்து கிடந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீறியது.

தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் காயத்தைச் சுற்றி இறுக்கி, அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். சத்தம் கேட்டு எல்லாரும் வந்தார்கள். ஒரு அக்கா கோப்பித்தூளைக் கொண்டுவந்து காயத்தில் அப்பினார். அதையும் தள்ளிக்கொண்டு ரத்தம் வந்தது. விட்டுவிடு, நிம்மதியாகப் போகட்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. எங்கள் லயங்களில் நாய்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. மனிதருக்கு நோய் வந்தாலே ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும்போது, நாயைத் தூக்கிக்கொண்டு யார் எங்கே போவது? நானும் வேறொரு நாளாக இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அந்தப் பன்றியின் கோரைப்பல் என் வயிற்றில் பட வேண்டியது. அதை இவள் வாங்கிக்கொண்டு என் மடியில் கிடக்கிறாள். எனக்குக் கேட்கிற காது இல்லை.

பக்கத்து லயத்தில் ஒரு அண்ணன் ஓட்டோ ஓட்டுகிறார். அன்று கல்யாண வீட்டுக்கு ஹயர் போக வேண்டும் என்று வண்டியைக் கழுவிப் பளபளப்பாக நிறுத்தியிருந்தார். நாயோடு ஓடி வந்த என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, கல்யாண வீட்டுக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னார். பின்சீட்டில் ஓர் உரப்பையை விரித்தார்.

“ஏறு தங்கச்சி. அந்தக் கால இறுக்கிப் பிடி, விட்றாத” என்றார்.

பசறையில் மிருக வைத்தியர் அலுவலகம் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பக்கத்து மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து, பதுளை டவுனில் ஒரு லேடி டொக்டர் ஞாயிறும் காலையில் பார்ப்பார் என்று இடத்தைச் சொன்னார். அண்ணன் வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பாதையை எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு முடிவே இல்லாத மாதிரி இருந்தது. என் இரண்டு கைகளும் துவாயை அழுத்திக்கொண்டிருந்தன, விரல்கள் மரத்துப்போயின. நடுவில் ஓரிடத்தில் மண்மேடு சரிந்து, ஒரு பக்கத்தால் மட்டும் வாகனங்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. கொடி பிடித்து நின்றவர் எங்கள் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். உடனே பஸ்ஸைப் பார்த்துக் கொடியை உயர்த்தினார். அவ்வளவு பெரிய பஸ் எங்களுக்காகப் பின்னால் போனது. அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். பிரவுனி அழவும் இல்லை, முனகவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். அவளுடைய நாக்கு கடதாசி மாதிரி வெளுத்திருந்தது.

அந்த டொக்டரின் இடம் ஒரு வீட்டின் முன்பகுதிதான். விறாந்தையில் உட்கார இரண்டு வாங்குகள். ஒரு பெண் மடியில் கடதாசிப் பெட்டிக்குள் ஒரு பூனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் சாரமும் உடுத்திய ஒரு சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். கை விரல்களைப் பார்த்தால் மண்ணில் வேலை செய்கிறவர் என்று தெரிந்தது. அவருடைய காலடியில் கன்றுக்குட்டி மாதிரி ஒரு கறுப்பு நாய். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். நாயின் சங்கிலியைக் குறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் உள்கதவைத் திறந்துவிட்டார். யாரும் வரிசை கேட்கவில்லை.

டொக்டர் ஒல்லியான பெண். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசினார். துவாயை எடுத்ததும் ரத்தம் மறுபடி பீறியது. அவர் பதறவில்லை. அந்தச் சதைக்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடினார். தேடியது கிடைத்ததும் ரத்தம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு சின்ன இடுக்கியால் அந்த இடத்தைப் பிடித்தார். வீட்டிலிருந்து அதுவரை ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தை ஒரு விரல் நிறுத்தியதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். டொக்டர் பிரவுனியின் உதட்டைத் தூக்கி எனக்குக் காட்டினார். பல் முரசு, அந்த ஈறு முழுக்க, சுண்ணாம்பு பூசியது போல இருந்தது.

“அம்மா, ரத்தம் நின்னது. ஆனா உள்ள மிச்சம் இல்ல” என்றார். “இப்ப தைக்க மயக்க மருந்து குடுத்தா தாங்காது. சேலைன் மட்டும் போதாது. வேற நாயோட ரத்தம் ஏத்தணும்.”

நாய்க்கு நாயின் ரத்தம் ஏற்றுவார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு என்ன தோன்றியதோ, என் கையை நீட்டி, என்னுடைய ரத்தத்தை எடுங்கள் என்று சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை. மனிதருடையது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, நீட்டிய கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

பெரிய உடம்பு வேண்டும், நோய் இல்லாத நாயாக இருக்க வேண்டும் என்றார். தெரிந்த இரண்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஒருவர் எடுக்கவில்லை. மற்றவர் நாயோடு பண்டாரவளையில் இருந்தார், வந்து சேர மத்தியானமாகிவிடும். டொக்டர் பிரவுனியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கதவுப் பக்கம் பார்த்தார்.

“வெளிய இருக்குற அந்தக் கறுப்பு நாய் குட்டியில இருந்து என்கிட்டத்தான் ஊசி போட வருது. நல்ல சுகமான நாய். ஆனா நான் கேட்டா அவர் எனக்காக ஓம்னு சொல்லிருவார். அது சரியில்ல. நீங்க கேளுங்க” என்றார்.

நான் வெளியே வந்தேன். சட்டை முழுக்க ரத்தம், கோவாப் பாத்தியின் சேறு. கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் டிக்கட் எடுக்கவும் போதுமான சிங்களம் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. ஒருவரிடம் போய், உங்கள் நாயின் ரத்தத்தைக் கொடுங்கள் என்று எந்தப் பாஷையில்தான் கேட்பது? ஐயா என்கிற மாதிரி “மஹத்தயா” என்று மட்டும் சொன்னேன். அவரையும் நாயையும் பார்த்தேன், உள்ளே கை காட்டினேன், அப்படியே நின்றுவிட்டேன்.

கதவு திறந்தே இருந்ததால் உள்ளே டொக்டர் போனில் சிங்களத்தில் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாயை அழைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். டொக்டரிடம் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதனால் கலுவாவுக்கு ஏதும் ஆகுமா? கலுவா என்றால் கறுப்பன். ஒன்றும் ஆகாது, ஒரு நாள் களைப்பாக இருப்பான், போன ரத்தம் கொஞ்ச நாளில் தானாக ஊறிவிடும் என்று டொக்டர் சொன்னார்.

“ஹரி” என்றார் அவர். அதற்குச் சரி என்று அர்த்தம்.

டொக்டர் இரண்டு நாய்களிடமும் துளித் துளி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து எதையோ சரிபார்த்துத் தலையசைத்தார். அந்த மனிதர் தன் வெள்ளைச் சாரத்தோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். கலுவாவின் தலையை மடியில் வைத்து, அவனுடைய நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டார். எங்கள் ஓட்டோ அண்ணன் இடுப்புப் பக்கம் பிடித்துக்கொண்டார். கழுத்தில் கொஞ்சம் மயிரைச் சிரைத்து ஊசியை ஏற்றினார்கள். அவன் நினைத்திருந்தால் எங்கள் எல்லாரையும் உதறித் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஒரு தடவை உடம்பு முழுக்கச் சிலிர்த்தான். அந்த மனிதர் அவன் காதுக்குள் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அவன் அசையவே இல்லை.

ரத்தம் இறங்குகிற பையை என் கையில் கொடுத்து, உறையாமல் இருக்க மெதுவாகத் தாலாட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார் டொக்டர். நான் தரையில் மண்டியிட்டு அதை ஆட்டினேன். குழாய் வழியே வந்து பை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. சூடாக இருந்தது. குளிருக்குத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொள்வோமே, அதே இளஞ்சூடு. அதை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு உயிரை இரண்டு கையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. காலையில் போஞ்சி பறித்த அதே கைகள்தான்.

நடுவில், மேசைப் பக்கம் பிரவுனியைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் பெண் டொக்டரைக் கூப்பிட்டார். பிரவுனியின் மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது. பை இன்னும் நிறையவில்லை. டொக்டர் கேட்டதும் நான் அதைக் கொடுத்துவிட்டேன். இவளுடைய சின்ன உடம்புக்கு இது போதும் என்று சொல்லி, கலுவாவின் கழுத்திலிருந்து ஊசியை எடுத்து, அந்தப் பையை மேசைக்கு மேலே கம்பியில் மாட்டினார்.

முதலில் ஒவ்வொரு சொட்டாகத்தான் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிரவுனி நடுங்கத் தொடங்கினாள். டொக்டர் உடனே குழாயை மூடினார். வெளியே பதுளை டவுனின் சத்தம், ஹோர்ன், எங்கோ லொத்தர் சீட்டு விற்கிற ஒலிபெருக்கி, எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. நான் கதிர்காமத்து முருகனைக் கூப்பிட்டேன். நடுக்கம் மெல்ல அடங்கியது. டொக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, ஒரு மூச்சை நீளமாக விட்டு, குழாயைத் திரும்பத் திறந்தார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. “அம்மா, இங்க வாங்க” என்று டொக்டர் கூப்பிட்டு, மறுபடி அந்த உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையை நீங்கள் பார்த்திருப்பீர்களோ தெரியாது. மொட்டைக் குச்சிகளாக நிற்கும். இனி இது செத்துப்போனது என்று தோன்றும். பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால் அந்தக் குச்சியின் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கண் முளைத்திருக்கும். அந்த நிறம் பிரவுனியின் முரசில் வந்திருந்தது. முதலில் ஓர் ஓரத்தில் மட்டும். நான் பார்க்கப் பார்க்கவே அது பரவியது. டொக்டர் பெருவிரலால் அழுத்தினார், வெளுத்தது. விரலை எடுத்தார், சிவப்பு ஓடி வந்து நிரம்பியது. திரும்ப அழுத்தினார், திரும்ப வந்தது. எத்தனையோ வருடம் வைத்தியம் பார்த்தவர், அவரே அதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து மேசையில் டப்பென்று ஒரு சத்தம். பிரவுனியின் வால் ஒரு தடவை அடித்தது. எங்கள் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காயம் தைத்து முடியும்வரை அந்த மனிதரும் போகவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். கலுவாவுக்கு உதவியாளர் பெண் ஒரு தட்டில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்திருந்தார். அவன் எல்லாவற்றையும் தின்று, தட்டையும் நக்கிவிட்டு, சுற்றிவரப் பார்த்தான். உள்ளே கிடக்கிற பிரவுனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் கையை ஒரு தடவை மோந்தான், அதில் தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். தான் என்ன கொடுத்தான் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

நான் அந்த மனிதரின் காலில் விழப் போனேன். அவர் கூச்சத்தோடு விலகிக்கொண்டார். தமிழும் சிங்களமும் கலந்து ஏதேதோ உளறினேன். முகம் தெரியாத ஒருத்திக்காக ஏன் செய்தீர்கள் என்று டொக்டர் மூலமாகக் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்காத மாதிரி இருந்தது. கலுவாவின் முதுகைத் தடவிக்கொண்டு சிங்களத்தில் இரண்டே சொற்கள் சொன்னார். டொக்டர் சிரித்துக்கொண்டே தமிழில் எனக்குச் சொன்னார்:

“இவன்கிட்ட இருக்குதானேன்னு சொல்றார்.”

அவ்வளவுதான். வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவராம். பதுளையில் மகள் வீட்டுக்கு வரும்போது நாய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு போவாராம். ரத்தம் எடுத்த அன்று ஊசி போட வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வந்த வேலை முடியாமலே அவர் நாயை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்போது அவர் வீதித் திருப்பத்தைத் தாண்டியிருந்தார்.

பிரவுனி இப்போதும் எங்களோடு இருக்கிறாள். பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போவது மட்டும் மாறவில்லை.

சில மாதம் கழித்து அவளையும் தடுப்பூசிக்காக அந்த டொக்டரிடம் கொண்டுபோனேன். எங்கள் சின்ன மகளும் வந்திருந்தாள். பிரவுனிக்குள் இன்னும் கலுவாவின் ரத்தம் ஓடுகிறதா என்று அவள் டொக்டரிடம் கேட்டாள். இல்லை என்றார் டொக்டர். ஏற்றிய ரத்தம் கொஞ்ச நாள்தான் இருக்குமாம். அதற்குள் இவளுடைய உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே ஊற வைத்துக்கொள்ளும், அது வந்ததும் இது கரைந்து போய்விடும், இப்போது ஓடுவது எல்லாம் இவளுடைய சொந்த ரத்தம்தான் என்று விளக்கினார்.

மகளுக்கு அது கவலையாகிவிட்டது. “அப்ப அது வீணாப் போச்சா டொக்டர்?” என்று கேட்டாள்.

“வீண் இல்ல மகள். இவ எழும்புற வரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான் அது வந்தது. எழும்பிட்டா. அதோட வேலை முடிஞ்சிது.”

மலைக்குப் போகும் வழியில் பிரவுனி எனக்கு முன்னால் நொண்டி நொண்டி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வார்த்தைகள் நினைவுக்கு வரும். கோயிலில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், அற்புதங்கள் என்று பலர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். நான் என் கண்ணால் பார்த்தது இந்த ஒன்றைத்தான்: ஓர் உயிர் தன் சொந்த பலத்தில் எழுந்து நிற்கும்வரை அதைத் தாங்கிப் பிடித்துவிட்டு, அதற்குள் ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் கரைந்து போகிற உதவியும் இந்த உலகத்தில் இருக்கிறது.